ஒத்தத் தட்டா, ரெட்டைத் தட்டா?

வா தம்பி, இப்பிடி வந்து திண்ணையில குந்து. வெயில்ல நின்னு வண்டியத் தொடச்சது போதும். தொடைக்கத் தொடைக்க அது என்ன, பாலா குடுக்கப் போவுது?

நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நீயும் உன் கூட்டாளிங்களும் பேசினது அத்தனையும் கேட்டேன். எனக்குக் காது மந்தம்னு கம்பைநல்லூர்ல ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சக் கெளப்பி வுட்டதே நான்தான். கெழவனுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சாத்தானே பக்கத்துல குந்தி மனசத் தொறந்து பேசுவீங்க?

முன் சக்கரத்துல ஒத்த பிரேக் தட்டு வெச்சதெல்லாம் ஒரு வண்டியான்னு கேட்டான் ஒருத்தன். ரெண்டு தட்டு இருந்தாத்தான் கெத்துன்னான் இன்னொருத்தன். மூணாமத்தவன், டவுன்ல ஒரு ஆளு இருக்காரு, நாப்பதாயிரம் குடுத்தா ஒத்தத் தட்ட ரெட்டையா மாத்திக் குடுப்பாருன்னான். நாலாமத்தவன் நீ. அதுக்கு மட்டும் வாயத் தொறக்கல. ஆனா கண்ணு மின்னுச்சு பாரு! உங்கப்பன் மாங்கா வித்த காசு எந்தப் பக்கம் போவப் போவுதுன்னு எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு.

அந்தச் சண்டையில ஒரு தமாசு நடந்துச்சு. உங்க நாலு பேர்ல ஒருத்தனும் கவனிக்கல. 'டபுள் டிஸ்க்'குன்னு ஆளாளுக்குக் கத்தினீங்களே, ரெண்டு பேரு பேசினது ஒன்னு, மத்த ரெண்டு பேரு பேசினது வேற. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புல டபுள் டிஸ்க்னா முன் சக்கரத்துல ஒன்னு, பின் சக்கரத்துல ஒன்னு. 2018ல பஜாஜ்காரன் பல்சர் 150க்கு 'ட்வின் டிஸ்க்'னு பேரு வெச்சு வித்தானே, அந்தக் கணக்கு. நீ மனசுல வெச்சிருக்கறது முன் சக்கரத்துக்கே வலப்பக்கம் ஒன்னு, எடப்பக்கம் ஒன்னு. கல்யாணப் பொண்ணுக்கு ரெண்டு காதுலயும் கம்மல் மாட்டின மாதிரி. மாடு எதுன்னு தெரியாமயே அரை மணி நேரம் வெல பேசினீங்க. டீக்கடைக்காரருக்கு எட்டு டீ வியாபாரம் ஆச்சு, அதான் மிச்சம்.

எனக்கு வண்டி வெவரம் தெரியாதுன்னு நெனச்சுடாத. நான் ரெட்டை மாட்டு வண்டியில ஆரம்பிச்சவன். ரெட்டை மாடு யாரு பூட்டுவா சொல்லு? எருவு ஏத்தறவன், கரும்பு ஏத்தறவன், நெல்லு மூட்ட ஏத்தறவன் பூட்டுவான். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மொரப்பூருக்கு ரயிலேறப் போறவன் ஒத்த மாட்டு வண்டியிலதான் போவான். ரெட்டை மாடு பூட்டிக்கிட்டு ஒரே ஒரு கூடை தக்காளிய சந்தைக்குக் கொண்டு வந்தவன ஊரு என்ன சொல்லும்? மாமியார் வூட்டுக்குப் படம் காட்டப் போறான்னு சொல்லும். நான் ஒருக்கா அப்பிடிப் போயிருக்கேன். அது வேற கத.

சரி, சங்கதிக்கு வரேன். பிரேக்குக்கு ஒரே வேலதான். வேகத்தத் தின்னும், சூட்டக் கக்கும். அந்தச் சூடு போய்ச் சேர்ற எடம்தான் உன் தட்டு. ரெண்டாவது தட்டு வெக்கறதுக்கு முக்காவாசிக் காரணம் இந்தச் சூடுதான். அழகு கெடையாது, கெத்து கெடையாது.

எவ்வளவு சூடுன்னு கேளு. வண்டி 200 கிலோ. மேல ரெண்டு பேரு 150 கிலோ. ஆகமொத்தம் 350. அம்பதுல போயிட்டிருக்க. நிறுத்தற. அந்த ஒரு தடவ நிறுத்தறதுல வர்ற சூட்ட வெச்சு ஒரு டீ கிளாஸ் தண்ணியக் கொதிக்க வெக்கலாம். இப்ப நூறுல போற. எத்தன கிளாஸ் கொதிக்கும்? ரெண்டுன்னுதானே சொல்ல வந்த? நாலு! வேகம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. இருநூறுல போனா பதினாறு கிளாஸ். அது டீக்கடை பாய்லரு. இப்ப சொல்லு, நீ காரிமங்கலத்துக்குப் போறது எத்தன கிளாஸ் வேகத்துல?

அந்தச் சூட்டத் தாங்கற சட்டி எவ்வளவு பெருசு வேணும்ங்கறதுதான் மொத்தக் கேள்வியும். நாலு பேருக்குக் களி கிண்டறதுக்கு ஒரு சட்டி போதும். மாரியம்மன் பண்டிகைக்கு நாப்பது பேரு வந்து எறங்கினா ரெண்டு அண்டா வெக்கணும். அண்டா வெச்சவ கெட்டிக்காரி. நாலு பேருக்கும் ரெண்டு அண்டா வெச்சு அரைப்படி மாவப் போட்டுக் கிண்டறவள என்னன்னு சொல்லுவ? களியும் வேவாது, அண்டாவும் அடிபுடிக்கும்.

இப்ப நீ கேப்ப, சூடு கெடக்கட்டும் தாத்தா, ரெண்டு தட்டு இருந்தா சட்டுனு நிக்குமேன்னு. இங்கதான் பசங்க எல்லாரும் சறுக்கறீங்க. வண்டியக் கடைசியா நிறுத்தறது டயரு. ரோட்டத் தொட்டுக்கிட்டு இருக்கற சாமான் அது ஒன்னுதான். எவ்வளவு எடம் தொடுது? உன் உள்ளங்கை அகலம். அந்த உள்ளங்கை எவ்வளவு புடிக்குமோ அவ்வளவுதான் புடிக்கும். ஒழுங்கா இருக்கற ஒத்தத் தட்டே, வெடுக்குன்னு இழுத்தா முன் சக்கரத்தப் பூட்டிடும். இல்லன்னா பின் சக்கரத்த ஆகாசத்துக்குத் தூக்கிடும். ஏற்கெனவே பூட்டின சக்கரத்த ரெண்டாவது தட்டு வந்து என்ன பண்ணும்? திண்டுக்கல் பூட்டுக்கு மேல இன்னொரு திண்டுக்கல் பூட்டா?

அதுவும் உன் முன் டயரு இருக்கற லட்சணம்! நேத்து நீ டீ குடிக்கறப்பவே குனிஞ்சு பாத்துட்டேன். பட்டன் எல்லாம் தேஞ்சு என் தல மாதிரி இருக்கு. காலுக்குச் செருப்பு இல்லாதவன் தலைக்கு ரெண்டு தலப்பா கட்டுவானா?

தட்டுன்னு ஒன்னு நம்ம பக்கம் வந்ததே நேத்துதான். 1999ல ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001ல பல்சர். அதுக்கப்புறம்தான் நம்ம தெருவுல அது சாதாரணமாச்சு. மொத தடவ பாத்தப்ப உங்க பாட்டி, யாரு வூட்டுச் சோத்துத் தட்டையோ கொண்டாந்து சக்கரத்துல மாட்டிட்டானுங்களேன்னா. அதுல ஓட்டை ஓட்டையா இருந்ததப் பாத்துட்டு, பாவம் பழைய தட்டுன்னா. இப்ப வர்றதெல்லாம் ஓரத்துல பூ இதழ் மாதிரி வெட்டி வருது. அச்சு முறுக்கு மாதிரியே இருக்கு. அவ இருந்திருந்தா மாவு எங்கடான்னு கேட்டிருப்பா.

உலகத்துல பெருவாரியாப் பண்ணி வித்த வண்டியில மொத மொதல்ல முன்னால ஆயில் தட்டு பிரேக் வந்தது 1969ல. ஹோண்டா சிபி750. நாலு சிலிண்டரு, 750 சிசி. அந்தக் காலத்துல அது யானை. எத்தன தட்டு? ஒன்னு.

ஜப்பான் தூரம்னு நெனச்சா மெட்ராசுக்கு வா. 1955ல புல்லட் பண்ண அங்க கம்பெனி தொடங்கின ராயல் என்ஃபீல்டு, 2018 நவம்பர்ல இன்டர்செப்டர்னு 650 சிசி வண்டிய வுட்டுச்சு. எடை 200 கிலோவுக்கு மேல. முன்னால ஒரே தட்டு, 320 மில்லிமீட்டரு. ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. நல்ல தோசைக்கல்லு அகலம். அப்புறம் 2023ல சூப்பர் மீட்டியார் வந்துச்சு, 241 கிலோ. அதுக்கும் முன்னால ஒத்தத் தோசைக்கல்லுதான். இன்னும் கிட்ட வரணுமா? ஓசூருக்கு வா. டிவிஎஸ்காரன் 2017 கடைசியில அப்பாச்சி ஆர்ஆர் 310 வுட்டான். பந்தயக் குதிர மாதிரி மூஞ்சி. முன்னால 300 மில்லிமீட்டர்ல ஒத்தத் தட்டு. அதே ஓசூர்ல ஜெர்மன்காரன் பிஎம்டபிள்யூ பேருல செஞ்ச ஜி 310 ஆருக்கும் ஒத்தத் தட்டுதான். உன் வண்டி என்ன சிசி தம்பி? அடடே, சும்மா கேட்டேன், மூஞ்ச ஏன் தூக்கற?

அதியமான் நம்ம தகடூர் ராசா. அவ்வைக்கு எத்தன நெல்லிக்கனி குடுத்தாரு? ஒன்னே ஒன்னு. இன்னொன்னு இருந்தாத்தான் கெத்துன்னு அந்தக் கெழவி கேட்டாளா?

அதுக்காக ரெட்டைத் தட்டு வெச்சவனெல்லாம் முட்டாள்னு நான் சொல்லல. சொன்னா என் வாய் அழுகிடும். சுசுகி ஹயபூசான்னு ஒன்னு இருக்கு. 1340 சிசி, 260 கிலோவுக்கு மேல. அது போற வேகத்துக்கு நான் சொன்ன பாய்லர் கணக்குதான். அதுக்கு முன்னால ரெண்டு தட்டு இல்லாம வித்தா அவன ஜெயில்ல போடணும். ஒரு தட்டு ஆறுறதுக்குள்ள அடுத்த சூடு வந்து ஏறும். ரெண்டா இருந்தா பங்கு போட்டுக்கும். அண்ணன் தம்பி மாதிரி. நெலத்துக்குச் சண்ட போடற அண்ணன் தம்பி இல்ல, கெணத்துல சேந்து தூர் வார்ற அண்ணன் தம்பி.

இன்னொரு நியாயமும் இருக்கு. இது உங்க டீக்கடையில ஒருத்தன் வாயிலயும் வரல. எங்கம்மா ஆத்துல தண்ணி மொண்டு ஒத்தக் கொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு வருவா. ஒடம்பு ஒரு பக்கமா வளஞ்சே இருக்கும். காவடியில ரெண்டு கொடம் தூக்கறவன் நேரா நடப்பான். ஒத்தத் தட்டும் அப்பிடித்தான். முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் ரெண்டு காலு புடிச்சிருக்கு, ஃபோர்க்குன்னு சொல்றீங்களே, அது. ஒத்தத் தட்டுல பிரேக் புடிச்சா இழுப்பு ஒரு காலு மேல மட்டும் வரும். காலு ஒல்லியா இருந்தா முறுக்கும், வண்டி லேசா ஒரு பக்கம் இழுக்கும். ரெண்டு தட்டுன்னா ரெண்டு காலும் சமமாத் தாங்கும். இது நெசம். ஆனா இப்ப வர்ற வண்டிங்களுக்குக் காலு தூணு மாதிரி வருது, தலகீழா மாட்டின தடிச்ச ஃபோர்க்கு. இடுப்பு பலமா இருக்கறவளுக்கு ஒத்தக் கொடம் ஒரு பாரமா?

எடத்துக்குத் தக்கன ரெண்டு சின்னத் தட்டும் வெக்கலாம். பெனெல்லின்னு ஒருத்தன் 300 சிசி வண்டிக்கே முன்னால 260 மில்லிமீட்டர்ல ரெண்டு தட்டு வெச்சு 2015ல இங்க வித்தான். ஒரு பெரிய தோசைக்கல்லா, ரெண்டு சின்ன ஆப்பச்சட்டியா? ரெண்டுலயும் பசி ஆறும். எதத் தேச்சுக் கழுவப் போறங்கறது உன் பாடு. ஒரு தட்டுக்கு ஒரு ஜோடி பேடு, ரெண்டு தட்டுக்கு ரெண்டு ஜோடி. தட்டக் கவ்விப் புடிக்கற காலிபரும் ரெண்டு. காசு பையில ஓட்டை எத்தனன்னு நீயே எண்ணிக்க.

அமெரிக்காவுல எரிக் புயெல்னு ஒருத்தரு. கிறுக்கன்னே சொன்னாங்க. 2002ல ஃபயர்போல்ட்னு 984 சிசி வண்டி பண்ணினாரு. அத்தாம் பெரிய வண்டிக்கு முன்னால ஒரே ஒரு தட்டு, 375 மில்லிமீட்டரு. அதையும் நடுவுல மாட்டாம சக்கரத்தோட விளிம்புல கொண்டு போய் மாட்டினாரு. ஏன் தெரியுமா? சக்கரத்த எளசா வெக்கறதுக்கு. ஓடற ஆளு முதுகுல அரைக் கிலோ கட்டினா பரவால்ல, பாதத்துல கட்டினா? குழி வந்தா சக்கரம் எறங்கி ஏறணும். வேகமா ஏறி எறங்கினாத்தான் ரோட்ட வுடாமப் புடிக்கும். பாதத்துல எடை கூடக் கூட அது தட்டுத்தடுமாறும். நம்ம ரோட்டுல குழிக்கும் பஞ்சமில்ல, வேகத்தடைக்கும் பஞ்சமில்ல. சில எடத்துல குழிய மூடறதுக்கு வேகத்தடையத்தான் போட்டிருக்காங்களோன்னு எனக்குச் சந்தேகம். இதுல நீ போய் சக்கரத்துக்கு ரெண்டாவது கொலுசு மாட்டற.

அந்த நாப்பதாயிரத்து ஆளப் பத்தி ஒரு வார்த்த. தட்டு ஒன்ன வாங்கி மாட்டினா முடிஞ்சு போச்சா? எடப்பக்கம் காலிபர் மாட்ட ஃபோர்க்குல காது இருக்கணும். சக்கரத்துல போல்ட்டு எடம் இருக்கணும். கையில இருக்கற மாஸ்டர் சிலிண்டரு ஒரு காலிபருக்கு அளந்து பண்ணினது. ரெண்டு காலிபருக்கு அது ஆயில் தள்ளினா, லீவரு பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கும். ஒரு மாட்டுத் தொட்டித் தண்ணிய ரெண்டு மாட்டுக்கு ஊத்தின கததான். ஏபிஎஸ் பெட்டி ஒன்னு இருக்கே, அதையும் கம்பெனிக்காரன் ஒத்தத் தட்டுக்குக் கணக்கு பண்ணி வெச்சிருக்கான். அது கொழம்பும். இதெல்லாம் போவ, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுன்னு ஒன்னு இருக்கு. கம்பெனி பண்ணினத இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஒன்னுன்னா இன்சூரன்ஸ்காரன் உன் வண்டியப் பாப்பானா, உன் கம்மலப் பாப்பானா?

ஏபிஎஸ்ஸுன்னதும் ஞாபகம் வருது. 125 சிசிக்கு மேல இருக்கற புது வண்டிங்க அத்தனைக்கும் 2019 ஏப்ரல் 1-லேர்ந்து அது கட்டாயம். அதுல பெருசா மந்திரம் ஒன்னும் இல்ல. வண்டி மாட்டோட மூக்கணாங்கயித்த வுடாம இழுத்தா மாடு படுத்துக்கும். வுட்டு வுட்டுப் புடிச்சா நிக்கும். டயரு வழுக்கற நேரம் பாத்து அந்தப் பெட்டி அதத்தான் பண்ணுது, உன் வெரல விட வேகமா. தட்டு எத்தனன்னு கேக்கறதுக்கு முன்னால ஏபிஎஸ் முன்னுக்கு மட்டுமா, பின்னுக்கும் சேத்தான்னு கேட்டிருந்தீன்னா, பரவால்ல, பேரன் தேறிட்டான்னு நானே டீக்குக் காசு குடுத்திருப்பேன்.

பிரேக்கப் பத்தி நம்ம தர்மபுரி ஜில்லாக்காரனுக்கு வெளியூர்க்காரன் பாடம் எடுக்க வேண்டியதில்ல தம்பி. தொப்பூர் கணவாய் நம்மகிட்டதானே இருக்கு? தர்மபுரியிலேர்ந்து சேலம் போற ரோட்டுல, வெள்ளக்கல் தாண்டினா எறக்கம் ஆரம்பிக்கும். கீழ ரெட்டைப் பாலம். அந்தப் பேரக் கேட்டாலே லாரிக்காரன் பொண்டாட்டிங்க தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவாங்க. 2020 டிசம்பர்ல சிமெண்ட் ஏத்திட்டு எறங்கின லாரி ஒன்னு, முன்னால வரிசையா நின்ன வண்டிங்க மேல மோதி ஏறினது உனக்கு ஞாபகம் இருக்கும். பத்துக்கு மேல வண்டி நசுங்குச்சு. உசுரும் போச்சு. அதுக்கு முன்னாலயும் நடந்துச்சு, அதுக்கப்புறமும் நடந்துச்சு.

லாரிக்கு பிரேக் கொறச்சலா? ஒவ்வொரு அச்சுலயும் பிரேக். உன்னோட ரெண்டு தட்டு எல்லாம் அதுக்கு முன்னால சோளப்பொரி. அப்புறம் ஏன் நிக்கல? டீசல் மிச்சம்னு சில பேரு நியூட்ரல்ல போட்டு எறக்கறானுங்க. எஞ்சின் புடிச்சு நிறுத்த வேண்டியத எல்லாம் பிரேக் தலையில கட்டிடறானுங்க. பல டன்னு சுமை, கிலோமீட்டர் கணக்குல எறக்கம். பிரேக் சூடாகிச் சூடாகி, ஒரு கட்டத்துல மிதிச்சா மிதி மட்டும் போவுது, வண்டி நிக்கறதில்ல. அந்தக் காலத்து டிரைவருங்க ஒரே ஒரு பாடம் சொல்லிக் குடுப்பாங்க. எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே எறங்கு. ஏற்காடு போறீங்களே கூட்டாளிங்களோட, சேலத்துப் பக்கம் இருவது கொண்டை ஊசி வளைவு. எறங்கறப்ப உன் கியரு எதுல இருக்கும்? கிளட்சப் புடிச்சுக்கிட்டு சைக்கிள் மாதிரி வுடறதத்தான் நான் கேள்விப்பட்டேன். பெட்ரோல் மிச்சமாமே? எவ்வளவு மிச்சம்? ஒரு டீக்கு வருமா?

அந்தச் சூட்டுல இன்னொரு கூத்தும் நடக்கும். பிரேக் ஆயிலுன்னு ஒரு டப்பா இருக்கே உன் கைப்பிடிக்குப் பக்கத்துல, அது மழக்காலத்து உப்பு மாதிரி. காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுக்கிட்டே இருக்கும். புதுசா ஊத்தின டாட் 4 ஆயிலு 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கணும்னு கணக்கு. தண்ணி குடிச்ச பழசுக்கு 155 டிகிரிதான் கணக்கு. கொதிச்சா குமிழி வரும். குமிழி வந்தா நீ லீவரப் புடிக்கறது குமிழிய அமுக்கறதுக்குத்தான் ஆவும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்தணும். உன் டப்பாவ எட்டிப் பாத்தேன். கருப்பட்டிக் காப்பி நெறத்துல இருக்கு. வண்டி வாங்கி நாலு வருசமாச்சு. வண்டிக்கு ஸ்டிக்கரு மட்டும் மூணு தடவ மாத்தியிருக்க.

இத்தன பேசினேனே, இன்னும் முக்கியமானத சொல்லல. உன்ன நேத்து மட்டுமில்ல, ஆறு மாசமாப் பாக்கறேன். நீ முன் பிரேக்கப் புடிச்சு நான் பாத்ததே கெடையாது. தெருமுனையில ஆடு குறுக்க வந்தாலும் பின் பிரேக்குத்தான், சர்ர்ருன்னு புழுதி கெளப்பிக்கிட்டு. யாரு சொல்லிக் குடுத்தா? உங்கப்பன். அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான்தான். 'முன் பிரேக்கப் புடிச்சா குப்புறத் தள்ளிடும்டா'ன்னு நான்தான் சொன்னேன். சைக்கிள்ல விழுந்து பல்லு ஒடஞ்ச ஆத்திரத்துல சொன்னது. ஒரு தலமுறையையே கெடுத்துட்டேன். சாமி, நான் சொன்னது தப்பு.

பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறப்ப டிரைவர் பிரேக் அடிச்சா ஜனம் எந்தப் பக்கம் சாயுது? முன்பக்கம். வண்டியோட எடையும் அப்பிடித்தான். பிரேக் புடிச்ச ஒடனே எடை முன் சக்கரத்து மேல வந்து உக்காரும். பின் சக்கரம் காத்தாடி மாதிரி ஆயிடும். கனம் எங்க உக்காருதோ அங்கதானே புடிப்பு இருக்கும்? பாதிக்கு மேல, அழுத்திப் புடிச்சா முக்காவாசிக்கும் மேல, நிறுத்தற வேல முன் சக்கரத்தோடது. அதுனாலதான் கம்பெனிக்காரன் பெரிய தட்ட முன்னால வெச்சான். அழகுக்குன்னு நெனச்சியா?

ஆக, இருக்கற ஒத்தத் தட்டையே நீ தொடறதில்ல. ஒன்னுத்துக்கே வேல குடுக்காதவன் ரெண்டாவது ஆள நாப்பதாயிரம் சம்பளத்துக்கு வேலைக்கு வெக்கறான்! எங்க ஊர்ப் பண்ணையாருங்ககூட இத்தன தாராளமா இருந்ததில்ல.

நாளைக்குக் காலையில இருமத்தூர் போற ரோட்டுல ஆளு இல்லாத எடமாப் பாத்து நாப்பதுல போ. முன் பிரேக்க ரெண்டு வெரலால மெல்லத் தொடு, அப்புறம் இறுக்கு. ஈரத் துணி பிழியற மாதிரி. வெடுக்குன்னு இழுக்காத. பின் பிரேக் கூடவே லேசா வரட்டும். வண்டிய நேரா வெச்சுக்கிட்டுப் பண்ணு, திருப்பத்துல பண்ணாத. இருவது தடவ பண்ணினா வெரலுக்குப் புத்தி வந்துடும். அறுவதுல போறவன், ஆட்டப் பாத்து, அட ஆடான்னு நெனச்சு, கைய லீவருக்குக் கொண்டு போறதுக்கு ஒரு நொடி ஆவுது. அந்த ஒரு நொடியில வண்டி பதினாறு மீட்டருக்கு மேல போயிருக்கும். பதினாறு மீட்டரு! அந்தப் பதினாறு மீட்டர்ல ஒத்தத் தட்டும் இல்ல, ரெட்டைத் தட்டும் இல்ல. அங்க வேல பாக்கறது கண்ணும் புத்தியும். அதுக்கு எந்தக் கடையில உதிரி சாமான் விக்கறான்?

என் டிவிஎஸ் எக்ஸ்எல்லப் பாத்து சிரிக்கறியா? சிரி சிரி. ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். புடிச்சா கோழி கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும், ஆனா நிக்கும். நின்னே ஆவணும். ஏன்னா நான் போறதே முப்பதுலதான்.

அந்த மாங்கா காசுல மொதல்ல ரெண்டு டயரு மாத்து. பேடு தேஞ்சிருக்கான்னு பாரு, ஆயில மாத்து, காலிபர் பின்ன கழட்டித் தொடச்சு கிரீஸ் வெக்கச் சொல்லு. மிச்சம் இருந்தா நல்ல ஹெல்மெட் ஒன்னு. அதுக்கு மேலயும் மிச்சம் இருந்தா, அது உங்கப்பன் காசு, அவன்கிட்ட குடு. மயக்கம் போட்டு விழுந்துடுவான், பக்கத்துல தண்ணி வெச்சுக்க.

ரெட்டைத் தட்டு வண்டிதான் வேணும்னா, நல்லாச் சம்பாதிச்சு, அத்தன சூடு வர்ற வண்டியா, கம்பெனியே ரெண்டு வெச்சு விக்கற வண்டியா வாங்கு. நானே பின்னால ஏறி உக்காந்து தேசிநாதர் கோயிலுக்கு வந்து தேங்கா ஒடைக்கறேன். ஏன், எனக்கு ஆச இருக்கக் கூடாதா?

கெளம்பிட்டியா? இரு, இரு. இது தை மாசம். வழியெல்லாம் ரோட்டு மேல கொள்ளுச் செடி, தொவரச் செடியப் பரப்பி வெச்சிருப்பானுங்க, வண்டி ஏறினா காய் ஒடையும்னு. களத்துல அடிக்கச் சோம்பேறித்தனம். அது மேல பிரேக் புடிச்சீன்னா பத்துத் தட்டு இருந்தாலும் வழுக்கிக்கிட்டேதான் போவ. சருகு மேல டயருக்கு ஏது புடிப்பு? தூரத்துலயே பாத்து வேகத்தக் கொறச்சிடு, அது மேல ஏறினப்புறம் பிரேக்கத் தொடாத, திருப்பாத, நேராப் போ. இப்பிடி ரோட்டுல போடறவனுங்களப் புடிச்சு நாலு போடணும்.

ஆங், சொல்ல மறந்துட்டேன். வேலமரத்துத் திருப்பம் தாண்டி எடப்பக்கம் ஒரு கொள்ளுப் பரப்பு இருக்கும் பாரு, அது மேல மட்டும் மெதுவா ரெண்டு வாட்டி போயிட்டு வந்துட்டுப் போ.

யாருதா? யாருதா இருந்தா உனக்கென்ன?